தங்கை இரவுச் சோற்றை நிறுத்திய பிறகு

அம்மா, மாலை 6.12
அண்ணா, சின்னவளும் இந்தக் குழுவில் இருக்கிறாள் என்று தெரிந்தே எழுதுகிறேன். அவளுக்குப் பின்னால் பேச எனக்கு விருப்பமில்லை. இரண்டு கிழமையாக அவள் இரவில் சோற்றைத் தொடுவதில்லை. கொரியப் பாட்டுக்குழுப் பெண்களைக் கைபேசியில் பார்த்துப் பார்த்து, தானும் அப்படி மெலிய வேண்டும் என்கிறாள்.

பெரியமாமா, 6.20
தங்கச்சி, கைபேசியை இன்றைக்கே வாங்கி வையுங்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலையும் விடிய விடியக் கோவலன் கூத்தையும் பார்த்து வளர்ந்த ஊரில், இன்று பிள்ளைகளின் ஆட்டமும் உடையும் தலைமுடி வெட்டும்கூடச் சியோலிலிருந்து வருகின்றன. அந்நியக் கேளிக்கை எவரையும் மாற்றாது என்று சொல்பவர்கள் முள்ளியவளைச் சந்தியில் ஒரு மாலைப்பொழுது நின்று பார்க்கட்டும்.

நான், 6.31
மாற்றுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன், மாமா. தடுத்தால் நின்றுவிடும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. இந்தியாவில் 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாடல்களைக் குறைத்தபோது, கேட்பவர்கள் பாட்டை விடவில்லை. இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பினார்கள். 1957இல் அகில இந்திய வானொலியே சினிமாப் பாட்டுகளுக்கு இடம் தரும் விவித பாரதி என்ற சேவையைத் தொடங்க வேண்டியதாயிற்று. மின்சாரமே இல்லாத போர்க்காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, தைனமோவில் பாட்டுக் கேட்டதாக நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அந்தப் பாட்டுகளும் கடல் கடந்து வந்தவைதானே?

சின்னம்மா, 6.48
குடும்பநல உத்தியோகத்தராக நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிஜித் தீவின் நட்ரோகா என்னும் பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. நன்றாக உண்டு உடம்பு தேறியிருப்பதே அழகு என்று காலங்காலமாக எண்ணிய ஊர் அது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அவ்வாண்டில் பள்ளி மாணவியரிடம் விசாரித்தபோது, மெலிவதற்காக வாந்தி எடுப்பதாக ஒருத்தியும் சொல்லவில்லை. 1998இல் கேட்டபோது 100க்கு 11 பேருக்கு மேல் சொன்னார்கள். இரண்டு முறையும் கேட்கப்பட்டவர்கள் வேறு வேறு பிள்ளைகள், எண்ணிக்கையும் சிறிது. ஆகவே தொலைக்காட்சி மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் திரையில் வரும் பெண்களைப் போல ஆக வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளே வாய்விட்டுச் சொன்னதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அண்ணா, இதே திரை வேறு விதமாகவும் வேலை செய்திருக்கிறது. தமிழ்நாடு உட்பட இந்தியாவின் சில மாநிலங்களில் 2001 முதல் 2003 வரை கேபிள் தொலைக்காட்சி புகுந்த கிராமங்களை ஜென்சன், ஆஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். கணவன் மனைவியை அடிப்பது சரி என்று சொல்லும் பெண்கள் அங்கே குறைந்தார்கள்; ஆண்பிள்ளைதான் வேண்டும் என்ற பிடிவாதமும் தளர்ந்தது. நாங்கள் பழிக்கும் நாடகங்களில் படித்து, வேலைக்குப் போய், வெளியே நடமாடும் பெண்கள் வந்தார்கள். பார்த்தவர்கள் தங்கள் வீட்டையும் ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

தங்கை, 7.15
அம்மா, காணொளி பார்த்து ஆசைப்பட்டது உண்மை, மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டுகளை நான் மூன்று வருடமாகக் கேட்கிறேன். சோற்றை நிறுத்தியது இந்த மாதம்தான். போன மாதம் பெரியக்காவின் கலியாணவீட்டில், சேலை உடுத்து வந்த என்னைப் பார்த்து, பந்தியில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்க, “இந்த உடம்பை எந்த மணவறை தாங்கும்” என்று ஒருவர் சொன்னார். அன்றிரவுதான் அந்தப் பெண்களின் இடுப்பளவைத் தேடிப் பார்த்தேன்.

பெரியமாமா, 7.41
அது நான்தான், பிள்ளை. சிரிப்புக்குச் சொன்ன சொல் உன்னைச் சோற்றிலிருந்து எழுப்பிவிடும் என்று நினைக்கவில்லை, நினைத்திருக்க வேண்டும். தங்கச்சி, கைபேசியை வாங்க வேண்டாம். மாமாவை மன்னித்துக்கொள், மகளே.

சின்னம்மா, 7.50
நாளை மறுநாள் உங்கள் பக்கம் கடமைக்கு வருகிறேன். உணவைப் பற்றியும் இரத்தச்சோகையைப் பற்றியும் நாம் இருவரும் தனியாக இருந்து கதைப்போம். இரண்டு கிழமை என்பது சிறிய காலம் அல்ல.

தங்கை, 7.58
வாருங்கள், சின்னம்மா. நிறை பார்க்கும் தராசை மட்டும் எல்லோர் முன்னாலும் எடுக்க வேண்டாம்.