ரத்தான வழக்கு கூகுளில் என் பெயரோடு வருகிறது, எடுக்க முடியுமா?

தாமிரபரணிக்காரன்:
கல்லூரி முடித்த வருடம் எங்கள் ஊர்க் கோயில் கொடையில், வில்லுப்பாட்டு மேடைப் பக்கம் ஒரு தகராறு. நாலு சேர் உடைந்தது, அவ்வளவுதான். ஆனால் எஃப்.ஐ.ஆரில் நான் ஏ4. அப்புறம் இரண்டு தரப்பும் சமாதானமாகி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு போட்டு வழக்கே ரத்தாகிவிட்டது.

இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் ஆஃபர் வந்திருக்கிறது. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் ஆள் "இது நீங்கள்தானே?" என்று ஒரு லிங்க் அனுப்பினார். தீர்ப்புகளைப் போடும் தனியார் தளம். என் பெயர், த/பெ என்று அப்பா பெயர், தெரு, தாலுகா எல்லாம் வரிசையாக இருக்கிறது. தங்கச்சிக்கு வேறு வரன் பார்க்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் தேடாமலா இருப்பார்கள்?

கருப்புக்காபி:
பப்ளிக் ரெக்கார்டுதானே ப்ரோ. ரத்து என்று அதிலேயே இருக்கிறதே.

தாமிரபரணிக்காரன்:
கடைசிப் பத்தி வரைக்கும் யார் படிக்கிறார்கள்? பெயருக்குக் கீழேயே 'அக்யூஸ்டு நம்பர் 4' என்று நிற்கிறது.

ஒத்தக்கடை வக்கீல்:
தம்பி, கோர்ட் மூலம் எடுப்பது இப்போதைக்குக் கஷ்டம். வழக்கில் விடுதலையான ஒருவர் தன் பெயரை நீக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2021இல் தனி நீதிபதி தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதி அமர்வு) அதை மாற்றி, பெயரை மறைக்கவும், தீர்ப்புகளைப் போடும் இந்தியன் கானூன் தளம் தீர்ப்பை எடுக்கவும் உத்தரவிட்டது. அந்தத் தளம் உச்ச நீதிமன்றம் போய் ஜூலையில் ஸ்டே வாங்கிவிட்டது. 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டினால், சட்டப்படி பொதுவில் வைத்த தகவலுக்குப் பிரிவு 3இல் விலக்கு உண்டு என்பார்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு ஃபீஸைக் கரைக்காதீர்கள்.

இன்னொன்று. ஈகோர்ட்ஸ் என்ற கோர்ட்டுகளின் அரசுத் தளத்தில் கேப்சா இருப்பதால் அது கூகுளில் வராது. ஆனால் பெயரும் வருடமும் போட்டால் யாருக்கும் கிடைக்கும். வெரிஃபிகேஷன்காரர்கள் அங்கேயும் தேடுவார்கள். ஆகவே ரத்து உத்தரவின் சர்டிஃபைடு காப்பியை வாங்கி நீங்களே முந்திக்கொண்டு அனுப்புங்கள். ஃபார்மில் வழக்கு பற்றிக் கேட்டால் மறைக்கவே கூடாது. அரசு வேலை என்றால் இன்னும் கறார்: கேட்டிருந்தால் விடுதலையான வழக்கையும் சொல்லியாக வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2016 அவதார் சிங் தீர்ப்பு.

மல்லிகா:
என் விவாகரத்து உத்தரவு இப்படித்தான் ஒரு தளத்தில் கிடந்தது. திருமண வழக்கு விவரங்களை வெளியிடக் கட்டுப்பாடு வைக்கும் இந்து திருமணச் சட்டம் பிரிவு 22ஐக் காட்டி மெயில் போட்டேன். பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கினார்கள். நீங்களும் முயன்று பாருங்கள் தம்பி.

ஒத்தக்கடை வக்கீல்:
அக்கா சொல்வது திருமண வழக்குகளுக்கு மட்டும். கிரிமினல் வழக்குக்கு அந்தப் பிரிவு உதவாது. ஆனால் மெயில் போடுவதில் நஷ்டமில்லை. தீர்ப்பை எடுங்கள் என்று சண்டை பிடிக்காமல், கூகுள் தேடலில் வராமல் வையுங்கள் என்று கேளுங்கள். ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

தாமிரபரணிக்காரன்:
சரி அண்ணாச்சி. காப்பிக்கு மதுரைக்கு வரணுமா?

ஒத்தக்கடை வக்கீல்:
வேண்டாம். அன்றைக்கு உங்களுக்கு ஆஜரான வக்கீலிடம் வழக்கு எண்ணும் உத்தரவுத் தேதியும் சொல்லுங்கள், அவரே நகல் மனு போட்டு வாங்கிவிடுவார். இரண்டு காப்பியாக வாங்குங்கள்.