சேலத்தில் ஓடுகிற கம்ப்யூட்டர் ஏற்காட்டில் காலையில் ஆன் ஆவதில்லை

நாகலூர் காப்பித்தோட்டம்:

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குப் பதினோரு ஏக்கர் காப்பி, ஊடே மிளகு. அப்பா 2010ல் வாங்கின டெஸ்க்டாப்பில்தான் இன்றைக்கும் கணக்கு எழுதுகிறேன். கோர் 2 டியோ இ7500, ஜி41 மதர்போர்டு, டிடிஆர்3 ராம் 4 ஜிபி, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. யார் எத்தனை கிலோ பழம் பறித்தார்கள், யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்திருக்கிறோம் என்று பதினைந்து வருடக் கணக்கு அதில் இருக்கிறது.

காலை ஆறு மணிக்குப் பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. திரும்ப அழுத்தினால் அதுவும் இல்லை. பத்தரை, பதினோரு மணிக்குப் பனி விலகி, ஜன்னல் வெயில் மேசைக்கு வந்த பிறகு ஒரே அழுத்தில் ஆன் ஆகிவிடும். அதற்கப்புறம் ராத்திரி வரை ஒரு குறையும் இல்லை. நடுவில் அணைத்தாலும் உடனே வருகிறது. கார்த்திகைக் கடைசியில் எப்போதாவது இப்படி ஆனது, மார்கழி பிறந்ததிலிருந்து தினமும் ஆகிறது.

சேலத்தில் ஒரு கடைக்கு இரண்டு தடவை கொண்டு போனேன். பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கினேன். மூன்று நாள் வைத்திருந்துவிட்டு "நல்லாத்தானே ஓடுது" என்று ராமை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். மேலே கொண்டு வந்தால் மறுநாள் காலை அதே அரைச் சுற்று. இரண்டாவது தடவை விண்டோஸை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார்கள். கணக்கு டி டிரைவில் இருந்ததால் தப்பித்தது. இப்போது போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

போன சனிக்கிழமை கூலி கொடுக்க உட்கார்ந்தேன், ஆன் ஆகவில்லை. களத்தில் இருபது பேர் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். அந்தப் பணத்தில்தான் அவர்கள் வீட்டுக்கு அந்த வாரத்து அரிசி. பதினோரு மணி வரை அவர்களை நிற்க வைத்தது எனக்கு மனசு கேட்கவே இல்லை. போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

ஐந்து ரோடு:

மலை ஈரத்துக்கு ராமின் காலெல்லாம் கறுத்துவிடும். கழற்றி, பென்சில் அழிக்கிற ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் போடுங்கள். போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. அதையும் மாற்றிப் பாருங்கள். அது தீர்ந்தால் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போய்விடும், பாங்கு வெப்சைட் எதுவும் திறக்காது.

ஆனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன், இதற்கு இனி செலவு செய்ய வேண்டாம். விண்டோஸ் 7க்கு வழக்கமான அப்டேட் கொடுப்பதை 2020 ஜனவரியில் நிறுத்தினார்கள், 10க்கு 2025 அக்டோபர் 14ல். விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்பு இந்த சிப்பில் பூட்கூட ஆகாது. அது கேட்கிற பாப்கவுண்ட் என்ற கட்டளை கோர் 2 டியோவில் கிடையாது.

நாகலூர் காப்பித்தோட்டம்:

ராம், பேட்டரி இரண்டும் பார்த்துவிட்டேன் அண்ணா. கடிகாரம் சரியாக இருக்கிறது. இதில் நெட் கிடையாது, கணக்கு மட்டும்தான். அதற்கு இந்த வேகம் போதும்.

அம்மாபேட்டை சர்வீஸ்:

தம்பி, போர்டில் கை வைக்காதீர்கள். நான் இருபத்தாறு வருடம் டிவி, அப்புறம் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி என்று சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்தவன். வெயில் வந்த பிறகு ஆன் ஆகிறது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரி போதும்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரண்டைத் தேக்கிக் கொடுக்கிற எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்கள் இருக்கும். அவற்றுக்குள் இருக்கிற திரவம் வருடக்கணக்கான சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். வற்றின கப்பாசிட்டருக்குக் குளிர் ஆகவே ஆகாது. குளிரக் குளிர அதன் உள்தடை ஏறும், இஎஸ்ஆர் என்போம். பட்டனை அழுத்துகிற நொடியில் போர்டு கேட்கிற கரண்டைக் கொடுக்க முடியாமல் வோல்டேஜ் சரியும், ஃபேன் அரைச் சுற்றில் நிற்கும். கொஞ்சம் சூடு பட்டால் அதே கப்பாசிட்டர் எழுந்து வேலை செய்யும். கடைக்காரருக்கு ஏன் தெரியவில்லை என்றால், அவர் கடை திறப்பதே பத்து மணிக்கு, அதுவும் சேலத்தில். அங்கே எஸ்எம்பிஎஸ் எப்படிக் குளிரும்?

ஒன்று கேட்கிறேன். ராத்திரியில் சுவர் சுவிட்சை அணைக்கிறீர்களா? எப்போதிலிருந்து?

நாகலூர் காப்பித்தோட்டம்:

ஐப்பசியில் இடி இறங்கி மோடம் போய்விட்டது. அன்றிலிருந்து பிளக்கையே பிடுங்கிவிடுகிறேன். அதற்கு முன்னால் சுவிட்ச் எப்போதும் போட்டபடிதான் கிடக்கும்.

அம்மாபேட்டை சர்வீஸ்:

அப்படியென்றால் சந்தேகமே இல்லை. சுவிட்ச் போட்டிருந்தால், கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் ஸ்டாண்ட்பை 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பகுதியின் சின்னக் கப்பாசிட்டர் பதினைந்து வருடம் ராத்திரி பகல் ஓயாமல் வேலை செய்து வற்றியிருக்கிறது. ஆனால் அந்த வெதுவெதுப்பிலேயே இருந்ததால் காலையில் எழுந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்க ஆரம்பித்ததும் முதல் தடவையாக விடிய விடியக் குளிர்ந்தது. பிடுங்குவதை நிறுத்திவிடாதீர்கள். மலையில் அதுதான் சரி, நெட் கேபிள் இருந்தால் அதையும் சேர்த்துக் கழற்ற வேண்டும்.

நாளைக் காலை ஆறு மணிக்கு இதைச் செய்யுங்கள். பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போடுங்கள், பட்டனை அழுத்த வேண்டாம். போர்டுக்குப் போகிற 24 பின் கனெக்டரின் பின்பக்கம் ஊதா வயர் ஒன்று இருக்கும். மல்டிமீட்டரை டிசி 20ல் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் சிவப்பை ஊதாவிலும் வையுங்கள். 4.75க்கும் 5.25க்கும் நடுவில் இருக்க வேண்டும். அப்புறம் பட்டனை அழுத்தி எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தலை காயவைக்கிற டிரையரால் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கக் கம்பி வலை வழியாக ஒரு சாண் தள்ளி ஐந்து நிமிடம் காற்று விடுங்கள். கை பொறுக்கிற சூடு போதும். போர்டில் படக் கூடாது, பட்டால் எது கோளாறு என்று தெரியாமல் போய்விடும். பிறகு சொருகி அழுத்துங்கள்.

என்ன ஆனாலும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை நீங்களாகத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கிற பெரிய கப்பாசிட்டர்களில் 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் சில நேரம் இருக்கும். என்னோடு வேலை பார்த்த பையன் ஒருவனை அது தூக்கி எறிந்ததைக் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

மஞ்சக்குட்டை:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். கணக்கை முதலில் ஒரு பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். தினமும் பத்துத் தடவை அரைகுறையாகக் கரண்ட் போய் வருவது பழைய ஹார்ட் டிஸ்குக்கு நல்லதில்லை. பனிக்காலத்தில் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடியிருந்தால் அதையும் எடுத்துவிட்டுப் பருத்தித் துண்டு போடுங்கள். பிளாஸ்டிக்குக்குள் ஈரம் தங்கி எங்கள் பிரிண்டரில் உருளையே துருப்பிடித்துவிட்டது.

நாகலூர் காப்பித்தோட்டம்:

அண்ணா, இன்று காலை பார்த்தேன். ஆறு மணிக்கு ஊதா வயரில் 4.31. பட்டனை அழுத்தினதும் 3.6க்குச் சரிந்து, ஃபேன் வழக்கம்போல அரைச் சுற்று. என் மனைவியின் டிரையரை வாங்கி நீங்கள் சொன்னபடி ஐந்து நிமிடம். அழுத்தினேன், வந்துவிட்டது! ஆறே காலுக்கு விண்டோஸ் சத்தம் கேட்டு அப்பா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். பதினோரு மணிக்கு அளந்தால் 4.97.

டார்ச் அடித்துப் போர்டையும் பார்த்தேன். புராசசர் பக்கத்துக் கப்பாசிட்டர்கள் எல்லாமே தலை தட்டையாகத்தான் இருக்கின்றன. எஸ்எம்பிஎஸ் ஃபேனில் மட்டும் காப்பித் தொலி அடை அடையாக ஒட்டியிருந்தது. களம் ஜன்னலுக்கு நேரே இருக்கிறது.

புதிது வாங்கினால் எத்தனை வாட்?

அம்மாபேட்டை சர்வீஸ்:

மகிழ்ச்சி தம்பி. போர்டில் எதுவும் உப்பவில்லை, பழுப்பாகக் கசியவில்லை என்றால் அது இன்னும் ஓடும்.

பெரிய எழுத்தில் போட்டிருக்கிற வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள். ஸ்டிக்கரில் 12 வோல்ட் லைனுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். உங்கள் புராசசர் 65 வாட், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. 12 வோல்ட்டில் நிஜமாகவே 16 ஆம்பியர் கொடுக்கிற பெட்டி இருந்தால் தாராளம். கையில் தூக்கிப் பாருங்கள், இறகு மாதிரி இருந்தால் வேண்டாம். மேசையை அந்த ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள். தொலி அடைத்து, காற்று போகாமல் சூடேறியதும் கப்பாசிட்டரை வற்ற வைத்திருக்கும்.

பழைய பெட்டியை எறிந்துவிடாதீர்கள். கீழே வரும்போது எடுத்து வாருங்கள், 105 டிகிரி சூடு தாங்குகிற, லோ இஎஸ்ஆர் கப்பாசிட்டர் போட்டுத் தருகிறேன். அவசரத்துக்குக் கைவசம் இருக்கட்டும்.

நாகலூர் காப்பித்தோட்டம்:

புது எஸ்எம்பிஎஸ் போட்டு இன்றோடு ஆறு நாள். ராத்திரி பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன், காலையில் ஊதா வயர் 5.06. ஜன்னல் கண்ணாடியில் பனி வழிந்துகொண்டிருக்கும்போதே முதல் அழுத்தில் வருகிறது. இன்று ஏழரைக்கெல்லாம் கூலி கொடுத்து முடித்துவிட்டோம், எல்லோரும் எட்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள். கணக்கு இரண்டு பென் டிரைவில் இருக்கிறது, ஒன்று அப்பாவின் பீரோவில்.

அண்ணா, புதன்கிழமை அந்தப் பழைய பெட்டியோடு அம்மாபேட்டை வருகிறேன். வீட்டு மிளகு அரைக் கிலோ கொண்டு வருகிறேன், வேண்டாம் என்று சொல்லக் கூடாது.