வில் இருக்கட்டும், நாணைச் சொல்லுங்கள்

கோத்தகிரியிலிருந்து:

ஐப்பசி மழை விடவில்லை. வெளியே போக வழியில்லாமல் திண்ணையில் உட்கார்ந்து நாண் திரித்துக்கொண்டிருக்கிறேன். அப்போது தோன்றியதுதான் இது. வில்லைப் பற்றி எல்லோரும் மணிக்கணக்காகப் பேசுகிறோம். எந்த மூங்கில், எந்தப் பருவத்தில் வெட்டியது, எத்தனை மாதம் நிழலில் காய்ந்தது என்று விடாமல் கேட்கிறோம். நாணைக் கேட்டால் மட்டும் "ஏதோ ஒரு கயிறு" என்று பதில் வருகிறது.

நானும் அப்படி இருந்தவன்தான். முதல் மூங்கில் வில்லுக்கு நான் கட்டியது துணி காயப்போடும் நைலான் கயிறு. நாண் ஏற்றியபோது வில்லின் பிடிக்கும் நாணுக்கும் நடுவே ஆறரை அங்குலம் இருந்தது. பத்து அம்பு விட்டதும் அது நாலு அங்குலத்துக்கு வந்துவிட்டது. நைலான் ரப்பர் மாதிரி இழுபடும், அம்புக்குப் போக வேண்டிய வேகத்தைக் கயிறே சாப்பிட்டுவிடும் என்பது அன்று எனக்குத் தெரியாது. வில்தான் சோம்பேறி என்று நினைத்து அதைச் சீவினேன். மறுபடியும் சீவினேன். கடைசியில் அது பிள்ளைகள் விளையாடும் வில்லாகிப் போனது. குற்றம் நாணுடையது, தண்டனை வில்லுக்கு.

இப்போது டாக்ரான் என்கிற பாலியஸ்டர் நூல்தான். 40 பவுண்டு வில்லுக்கு, அதாவது முழுக்க இழுக்க அவ்வளவு பலம் கேட்கிற வில்லுக்கு, 12 இழை. வில்லின் நீளத்தைவிட ஒன்றரை அடி கூடுதலாக வெட்டி, ஆறு ஆறாக இரண்டு புரியாகப் பிரித்துக்கொள்வேன். இழைகளின் நுனிகளை ஒரே இடத்தில் முடியவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வில் நுனியில் மாட்டுகிற வளையமான கண்ணிக்குக் கீழே எலியை விழுங்கிய பாம்பு மாதிரி புடைத்துக்கொள்ளும். மற்றபடி கயிறு திரிக்கும் பழைய கணக்குதான்: ஒவ்வொரு புரியையும் வெளிப்பக்கமாக முறுக்கி, இரண்டையும் உள்பக்கமாக ஒன்றின் மேல் ஒன்று போட வேண்டும். இரண்டு முறுக்கும் எதிரெதிராக இருப்பதால்தான் நாண் பிரியாது. கண்ணி வந்ததும் வால்களை அதே புரிக்குள் சேர்த்துத் திரித்துவிட்டால் முடிச்சே தேவையில்லை. முடிச்சு விழுந்த இடத்தில்தான் எந்த நாணும் முதலில் அறும்.

சரி, என் கதை இவ்வளவுதான். நம் மலைகளில் வேறு யார் எதில் நாண் செய்து பார்த்தீர்கள்? அறுந்த கதைகளும் வரலாம்.

கூடலூர் பக்கம், எருமாட்டிலிருந்து:

கயிறே இல்லாத நாணை நான் பார்த்திருக்கிறேன் அண்ணா. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் முள்ளுக்குறும்பர் என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். அவர் வில்லுக்கு நாண் மூங்கில் பட்டைதான். முதலில் பார்த்தபோது நம்பிக்கையே வரவில்லை. மூங்கிலுக்கு மூங்கிலே நாணா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கையில் கொடுத்தார். இழுத்துப் பார்த்தால் கொஞ்சம்கூட நீளவில்லை.

முற்றிய மூங்கிலின் வெளித்தோலை ஒட்டி, சுண்டுவிரல் அகலத்துக்கும் குறைவாக ஒரே நீளப் பட்டை எடுக்கிறார். கத்தி வேலையெல்லாம் உள்பக்கத்தில்தான். வெளித்தோலைத் தொடவே விடமாட்டார், பலமெல்லாம் அந்தத் தோலில் இருக்கிறது. கணு வரும் இடத்தில் கத்தியைச் சாய்த்து, மேட்டை மட்டும் வழித்துவிடுகிறார். நான் ஒரு பட்டையில் கணுவைச் சமமாக்குகிறேன் என்று கொஞ்சம் ஆழமாகச் சீவிவிட்டேன். வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, அடுப்பில் போட்டுவிட்டார்.

பட்டையில் கண்ணி போட முடியாது இல்லையா? அதனால் இரண்டு நுனியிலும் கழுத்து மாதிரி குறுக்கி, அங்கே நார்க்கயிற்றைக் கட்டி அதில்தான் கண்ணி. ஒரு குறை உண்டு. நம் நாணை முறுக்கிக் குறைக்கலாம், பிரித்து நீட்டலாம். இதில் அந்த வசதி கிடையாது, அளவு முதலிலேயே சரியாக வர வேண்டும். அம்பு விட்டால் நம் நாண் 'விண்' என்கிறதே, இது 'டக்' என்கிறது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை கிடையாது. பெரியவர் வாழைத்தண்டை நட்டுவைத்து அதில் அடித்துக் காட்டுவார். அவருக்கு முன்னால் நான் வில்லைக் கையில் எடுப்பதே இல்லை, மானம் போய்விடும்.

குன்னூரிலிருந்து, தையல்காரி:

வில் எனக்குத் தெரியாது, என் மகன்தான் விடுகிறான். நூல் தெரியும். அவன் மெழுகுவர்த்தியை நாணில் தேய்த்துக்கொண்டிருந்தான், பிடுங்கி எறிந்தேன். அது குளிரில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். தேன்மெழுகுதான் வேண்டும். மார்கழியில் அதுவும் கல் மாதிரி இருக்கும். மெழுகைத் தடவிவிட்டு, ஒரு துண்டுத் தோலை மடித்து நாணை அதற்குள் பிடித்து வேகமாக மேலும் கீழும் இழுங்கள். சூட்டில் மெழுகு உருகி இழைக்குள் இறங்கும். கண்ணியிலும் நடுவில் நூல் சுற்றுகிற இடத்திலும் நாண் தேய்வது அதிகம், அதை மட்டும் வாரம் ஒருமுறை பாருங்கள். ஓர் இழை பிசிறடித்தாலும் நாணை மாற்றுங்கள். ஒரு இழைதானே என்று என்னிடம் சொல்லாதீர்கள், பொத்தான்கள் எப்படி விழுகின்றன என்று நாற்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மன்னவனூரிலிருந்து:

நான் செய்தது காஞ்சொறி நாண். சிரிக்காதீர்கள்.

எங்கள் தோட்டத்து ஓடையோரம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்கிற பெரிய காஞ்சொறி. நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் இதன் நாரைப் பார்த்து வியந்து, நீலகிரி நெட்டில் என்றே எழுதிவைத்தார்கள். தோடர்கள் செடியை வேகவைத்து நார் எடுப்பார்கள் என்றும் அந்தக் காலக் குறிப்புகளில் உண்டு. அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அரிப்பு. பிறகு நிஜமாகவே அரித்தது. கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டுதான் வெட்டினேன், சுணை கம்பளிக்குள் புகுந்துவிட்டது. இரண்டு கையும் ராத்திரி முழுக்க எரிந்தன. தோல் கையுறை இல்லாமல் யாரும் கிட்டே போகாதீர்கள். இன்னொன்று, சொந்த நிலத்தில் இருப்பதை மட்டும் எடுங்கள். காப்புக்காட்டுக்குள் போய் வெட்டி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பூத்து முடிந்து தண்டு முற்றியபின் வெட்டினேன். வாடவிட்டால் சுணையின் வீரியம் போய்விடும். பட்டையை உரித்து, சாம்பல் கரைத்த தண்ணீரில் வேகவைத்து, ஓடையில் அலசி, மழுங்கின கத்தியால் மேல்தோலை வழித்தேன். கையில் வந்த நாரைப் பார்த்து என் மனைவி, "இது பட்டா?" என்று கேட்டாள். அவ்வளவு வெள்ளை, அவ்வளவு மினுமினுப்பு. நார் நீளமாக இருப்பதால் ஒட்டுப் போடுவதும் குறைவு. மூன்று புரியாகத் திரித்தேன். ஒரு நாணுக்கு நாலு சாயங்காலம் ஆனது.

நாணின் பலம் வில்லின் இழுவையைப்போல் குறைந்தது நாலு மடங்கு இருக்க வேண்டும் என்பார்கள். என் வில் 35 பவுண்டு, அதாவது 16 கிலோ. அப்படியானால் நாண் 64 கிலோ தாங்க வேண்டும். மாட்டுக்கொட்டகை விட்டத்தில் கட்டி முதலில் 25 கிலோ அரிசி மூட்டை ஒன்று, பிறகு இரண்டு. மூன்றாவது மூட்டை வீட்டில் இல்லை. அதனால் நானே தொங்கினேன், என் எடை 68. நாண் அறவில்லை. மாடுதான் மிரண்டது.

இனிமேல்தான் கதையே. ஒரு காலையில் மூட்டமான மூட்டம், எதிரே இலக்கு தெரியவில்லை. அது விலகட்டும் என்று நாண் ஏற்றிய வில்லை வெளியே சாய்த்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஆறரை அங்குல இடைவெளி ஏழாகியிருந்தது. யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்து முறுக்கைக் கொஞ்சம் பிரித்து ஆறரைக்குக் கொண்டுவந்தேன். பதினோரு மணிக்கு நல்ல வெயில். நாலாவது அம்பில் நாண் மணிக்கட்டில் சாட்டை மாதிரி அடித்தது. அளந்தால் ஆறுக்கும் கீழே!

அப்பாவிடம் கையைக் காட்டினேன். "மழையில் மாடு கட்டின கயிற்று முடிச்சை அவிழ்த்திருக்கிறாயா?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான், விளங்கிவிட்டது. நார் ஈரத்தைக் குடித்தால் பருக்கும். முறுக்கிய கயிற்றில் இழை பருத்தால் கயிறு நீளத்தில் சுருங்கும். காய்ந்தால் மறுபடியும் நீளும். ஈரத்தில் செடி நாரின் பலம் குறையாது, கூடத்தான் செய்யும், அளவு மட்டும் நிலையாக நிற்காது. தோல் நாண் இதற்கு நேர் எதிர், ஈரத்தில் தளர்ந்துவிடும். பறையை ஏன் தீயில் காய்ச்சுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது வில்லை எடுத்ததும், அம்பு வைக்குமுன் பிடியில் மடக்கிய கைமுட்டியை வைத்துக் கட்டைவிரலை நீட்டிப் பார்க்கிறேன். விரல் நுனி நாணைத் தொட்டால் சரி.

தாண்டிக்குடியிலிருந்து:

வல்வில் ஓரி கொல்லிமலைக்காரன். எங்கள் பழனி மலைக்கு வாய்த்தவன் மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன். அதனால் வில்வித்தையில் எங்களிடம் ரொம்ப எதிர்பார்க்காதீர்கள்.

என் கதை சின்னது. மச்சான் ஒருவர் வந்தார். அம்பு இல்லாமல் நாணை முழுக்க இழுத்து, "சும்மா பார்த்தேன்" என்று விட்டார். அம்பு சுமந்து போக வேண்டிய விசை முழுக்க வில்லுக்குள்ளேயே திரும்பியது. மேல் நுனி பிளந்துவிட்டது. மச்சான் என்பதால் வாயைத் திறக்க முடியவில்லை. இப்போது விருந்தாளிகள் வந்தால் நாணைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுகிறேன்.

இன்னொரு சந்தேகம். புது ரக நாண், கொஞ்சமும் இழுபடாது, அம்பு பறக்கும் என்கிறார்கள். மூங்கில் வில்லுக்குப் போடலாமா?

கோத்தகிரியிலிருந்து:

போடாதீர்கள் தம்பி. அவ்வளவாக இழுபடாத நாண் வந்து நிற்கும்போது அதிர்ச்சி முழுவதையும் வில் நுனி வாங்கிக்கொள்ளும். நுனியைப் பலப்படுத்தாத மர வில், மூங்கில் வில்லுக்கெல்லாம் டாக்ரான்தான் நல்லது. அது கொஞ்சம் கொடுக்கும், வில் பிழைக்கும். உங்களுக்கு ஏற்கெனவே மச்சான் வேறு இருக்கிறார்.

மசினகுடியிலிருந்து:

எங்கள் பக்கம் மழை மறைவு, காஞ்சொறிக்கு நாங்கள் எங்கே போக? மருள் என்கிற செடிதான் எங்களுக்கு. சங்கப் பாட்டில் மரல் என்று வருவது இதுதான். வடமொழியில் மூர்வை. அதிலிருந்து பிறந்த மௌர்வி என்ற சொல்லுக்கு நாண் என்றே பொருள். ஆங்கிலத்திலும் இதை வில்நாண் சணல் என்றுதான் சொல்கிறார்கள். இப்போது இதன் உறவுக்காரச் செடியைப் பாம்புக் கற்றாழை என்று தொட்டியில் வைத்து வரவேற்பறையில் அழகு பார்க்கிறோம். கீரைக்கட்டைக் கொண்டுபோய்க் கண்ணாடி அலமாரியில் வைத்த மாதிரி.

இலையைப் பலகையில் வைத்து மழுங்கின கத்தியால் வழித்தால் போதும், வேகவைக்க வேண்டாம். பச்சைச் சதை போய் வெள்ளை நார் நிற்கும். காஞ்சொறி அளவுக்கு நீளம் வராது. அதனால் திரிக்கும்போது புது நாரை வேறு வேறு இடத்தில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். என் முதல் நாணில் இரண்டு புரிக்கும் ஒரே இடத்தில் ஒட்டுப் போட்டேன். ஏழாவது அம்பில் சரியாக அங்கேயே அறுந்தது.

எருக்கிலும் நார் எடுத்துப் பார்த்தேன். அந்தக் காலத்தில் நாணுக்கும் தூண்டிலுக்கும் உதவிய நார்தான் அது. ஆனால் பால் கண்ணில் தெறித்தால் ஆபத்து என்று அம்மா சத்தம் போட்டு நிறுத்திவிட்டார். அம்மா சொன்னது சரிதான்.

ஊட்டியிலிருந்து:

எய்யாத வில் ஒன்றைச் சொல்கிறேன். தோடர்கள் எருமைப் பாலை நம்பி வாழ்ந்தவர்கள், வேட்டையாடுகிற வழக்கம் கிடையாது. ஆனாலும் மனைவி கருவுற்றிருக்கும்போது கணவன் அவளிடம் குட்டி வில்லும் புல்லால் ஆன அம்பும் கொடுக்கும் சடங்கு அவர்களுக்கு உண்டு. பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று ஊரறியச் சொல்வது அந்த வில்தான். என்னோடு வேலை பார்த்த தோட நண்பரிடம், "அந்த வில்லின் நாண் எவ்வளவு தாங்கும்?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். "குடும்பத்தைத் தாங்கும்" என்றார். அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

கோத்தகிரியிலிருந்து:

தையல் அக்கா சொன்ன தோல் வைத்தியத்தை இன்று செய்து பார்த்தேன். பழைய செருப்பு வாரில் ஒரு துண்டு. மெழுகு உள்ளே இறங்கிவிட்டது, ஒரு மாதமாக இருந்த பிசுபிசுப்பும் போனது. மன்னவனூர்க்காரரே, ஒரு நாணுக்கு ஆகும் நாரைப் பொட்டலம் கட்டி அனுப்ப முடியுமா? செலவு என்னுடையது. வெந்த நார்தானே?

மன்னவனூரிலிருந்து:

வெந்ததுதான் அண்ணா. நாளைக்கே அனுப்புகிறேன். இருந்தாலும் பொட்டலத்தை நீங்களே பிரியுங்கள், அண்ணியைப் பிரிக்கச் சொல்லாதீர்கள்.