ஓடினால் பரோட்டா கரைந்துவிடுமா?

ஜூரோங் மாலதி
என் கணவருக்கு வயது 47. சனிக்கிழமை காலை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் 10 கிலோமீட்டர் ஓடுவார். ஓடி முடித்த கையோடு முட்டை பரோட்டா இரண்டு, ஆட்டிறைச்சிக் குழம்பு, ஒரு தே தாரிக் (கெட்டிப்பால் தேநீர்). போன வாரம் ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்டிரால், 4.4 என்று கூடுதலாக வந்திருக்கிறது. "அதான் ஓடுறேனே" என்கிறார். ஓட்டம் போதுமா, சாப்பாட்டையும் மாற்ற வேண்டுமா?

ஈசூன் ஓட்டக்காரன்
அக்கா, அண்ணனை ஓட விடுங்கள். 1953ல் ஜெரமி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் லண்டன் மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை எத்தனை பேர் தொடர்ந்து கடைப்பிடிக்கிறார்கள்? ஓட்டம் பழகிவிட்டால் விடாது.

உட்லண்ட்ஸ் தாதி
தம்பி, அதே மோரிஸ் 1956ல் அவர்களுடைய சீருடை அளவுகளையும் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு வேலைக்குச் சேரும்போதே பெரிதாக இருந்தது. ஆக, முழுப் பெருமையையும் படிக்கட்டுக்குக் கொடுக்க முடியாது.

மாலதி கேட்டது எல்டிஎல் பற்றி. ரத்தத்தில் இருக்கும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுப்பது கல்லீரல். நெய், தேங்காய்ப்பால், செம்பனை எண்ணெய் இவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு கூடினால் அந்த வேலை மந்தமாகிவிடும். ஓட்டம் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பைக் குறைக்கும், எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்டிராலைச் சற்று கூட்டும், ஆனால் எல்டிஎல்லைக் குறைப்பது கொஞ்சம்தான். 2021 ஜூனில் சிங்கப்பூர் பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெயை (டிரான்ஸ் கொழுப்பு உள்ளது) தடை செய்தது நல்ல விஷயம். அதற்காகப் பரோட்டா இதயத்துக்கு நல்லதாகிவிடவில்லை. செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு.

தோபாயோ மணியம்
நாங்கள் சைவம். எங்களுக்கு இந்தக் கவலை இல்லைதானே?

உட்லண்ட்ஸ் தாதி
இருக்கிறது, அண்ணே. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 80 விழுக்காட்டுக்கும் மேல். அப்பளமும் ஊறுகாயும் உப்பு. சைவம் என்ற பெயரைப் பார்த்து ரத்தக்குழாய் விட்டுவிடாது.

ஈசூன் ஓட்டக்காரன்
சரி, எல்டிஎல் விஷயத்தில் சாப்பாடுதான் முதல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதயநலம் என்றால் ஓர் எண் மட்டுமா? ஓடும்போது ரத்தம் வேகமாகப் பாய்ந்து குழாயின் உள்சுவரை உரசுகிறது. அந்தச் சுவர் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட, குழாய் தளர்ந்து விரிகிறது. 1998ல் மருத்துவ நோபல் பரிசு இந்த மூலக்கூறு பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான். எந்த ஓட்ஸ் கஞ்சி குடித்தாலும் இந்தப் பயிற்சி குழாய்க்குக் கிடைக்காது. சர்க்கரையைத் தசை உறிஞ்சிக்கொள்வதும் அப்படித்தான். நம் இந்தியர்களிடம் நீரிழிவு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாததா?

என்னைக் கேட்டால் அண்ணன் ஓடுவதே போதாது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடுமையான உடற்பயிற்சி. சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஓடிவிட்டு மற்ற ஆறு நாளும் நாற்காலியில் இருந்தால் எப்படி?

உட்லண்ட்ஸ் தாதி
நடையைக் கூட்டட்டும், மறுக்கவில்லை. ஓடியதற்குப் பரிசாகப் பரோட்டா என்ற கணக்கைத்தான் எதிர்க்கிறேன். அந்தத் தட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். குழம்பின் மேல் விரற்கடை எண்ணெய் மிதக்கும், பரோட்டாவைப் பிய்த்துத் தோய்த்து, கடைசியில் கிண்ணத்தையும் வழித்துவிடுவோம். உப்பு அதில்தான். 2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி நாம் சராசரியாக நாளுக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் சாப்பிடுகிறோம். வரம்பு 2,000. ரத்த அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்?

மாலதி, அதே கடையில் தோசை, சாம்பார், தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) வாங்கச் சொல்லுங்கள். வீட்டில் பருப்பு, வெண்டைக்காய், ஓட்ஸ். நார்ச்சத்து கொலஸ்டிராலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். அப்புறம், 4.4ஐ வைத்துக்கொண்டு வீட்டு வைத்தியம் மட்டும் வேண்டாம். மருத்துவரைப் பார்த்து மாத்திரை தேவையா என்று கேளுங்கள். ஓடும்போது நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்த வேண்டும், அடங்காவிட்டால் 995க்கு அழைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஜூரோங் மாலதி
இரண்டு பேர் எழுதியதையும் படிக்கக் கொடுத்தேன். தோசைக்குச் சம்மதித்துவிட்டார், தே தாரிக்கை விடமாட்டாராம். சீனியில்லாமல், பால் குறைத்துப் போட்டால் பரவாயில்லையா?

உட்லண்ட்ஸ் தாதி
பரவாயில்லை. கெட்டிப்பால் வேண்டாம், கொழுப்பு குறைந்த பால் போடச் சொல்லுங்கள்.

ஈசூன் ஓட்டக்காரன்
புதன்கிழமை ஈசூன் அணையில் நடக்கிறோம். அண்ணனையும் அனுப்புங்கள் அக்கா.