மறு: 'ரிவோக்' என்பதற்கு 'மீளப்பெறல்' ஏன் சரிவராது

எல்லாருக்கும் வணக்கம்.

தரவுத்தளத்தில் கொடுத்த அனுமதியைத் திரும்ப எடுக்கும் 'ரிவோக்' கட்டளைக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன கிழமை நான் கேட்டதற்கு இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. 'மீளப்பெறல் என்று நல்ல சொல் இருக்க இவன் ஏன் தொங்குகிறான்' என்று கேட்டவர்களுக்காக, நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்கே திருகோணமலையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் தரவுத்தளத்தை நான் பார்க்கிறேன். போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறது. மூதூர், கிண்ணியா, நிலாவெளியில் கிளைகள். யார் எந்த அட்டவணையைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்பதையெல்லாம் முன்பு கையாலேயே கொடுத்து வந்தோம். கொடுக்க எல்லாருக்கும் ஞாபகம் வரும், எடுக்க ஒருவருக்கும் வராது. மூதூரிலிருந்து கிண்ணியாவுக்கு மாற்றலான பிள்ளைக்கு இரண்டு கிளைக் கணக்கும் திறந்து கிடந்தது. ஓய்வுபெற்றுப் போனவரின் பெயர்கூட உயிரோடு இருந்தது. ஆகவே யாருக்கு என்ன என்பதை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு, இரவு ஒரு மணிக்கு ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். கோப்பில் இருப்பதையும் தரவுத்தளத்தில் உண்மையில் இருப்பதையும் அது ஒப்பிடும். குறைந்ததைக் கொடுக்கும், கூடினதை எடுக்கும். செய்ததைத் தமிழில் ஒரு பக்கமாக முகாமையாளருக்கு அனுப்பும்.

முதல் நாள் அறிக்கையில் ஒரு வரி: 'சேமிப்புக் கணக்கு: மீளப்பெறல் 14'.

காலை ஏழரைக்கு முகாமையாளரின் போன். "தம்பி, ராத்திரி ஒரு மணிக்கு ஆர் பதினாலு மீளப்பெறல் செய்தது?" நான் போய்ச் சேருவதற்குள் காசாளரைக் கூப்பிட்டு, பெட்டகத்தைத் திறந்து, எண்ணத் தொடங்கியிருந்தார். அவரில் பிழையில்லை. அங்கே படிவத்திலும், பாஸ்புத்தகத்திலும், கருமபீடத்துக்கு மேலே தொங்கும் பலகையிலும் மீளப்பெறல் என்றால் காசு எடுப்பது. அந்தச் சொல் ஏற்கெனவே வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது, நாங்கள் இன்னொரு வேலைக்கு இழுக்க முடியாது.

இனி உங்கள் சொற்கள்.

> 'உரிமை பறிப்பு' சுருக்கமானது, அடித்துச் சொல்கிறது.

அண்ணா, நீங்கள் சென்னையில் இருந்து சொல்கிறீர்கள். திருகோணமலையில் அந்த இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஆட்கள் பதாகையைத் தேடுவார்கள். 'உரிமை மீட்பு' அதைவிட மோசம், அதற்குக் கூட்டமே கூடிவிடும். பற்றாக்குறைக்கு, மீட்பு என்பதை பேக்கப்பிலிருந்து எடுப்பதற்குக் கொடுத்துவிட்டோம். ஆகவே உரிமையை அரசியலுக்கு விட்டுவிட்டு 'அனுமதி'யோடு நிற்கலாம் என்பது என் எண்ணம்.

ஆனால் பறிப்பை நான் விட்டதற்கு உண்மையான காரணம் வேறு. பறித்துவிட்டால் அந்த ஆளிடம் பொருள் இல்லை என்று அர்த்தம். ரிவோக் அப்படிச் செய்வதில்லை. ஒருவருக்கு ஓர் அட்டவணையை வாசிக்க நேரே அனுமதி கொடுத்திருக்கலாம். அவர் சேர்ந்திருக்கும் வகிபங்கு ('ரோல்', ஒரே வேலை செய்பவர்களுக்குச் சேர்த்து அனுமதி கொடுக்கும் பெயர்) வழியாகவும் அது வந்திருக்கலாம். எல்லாருக்கும் பொதுவான 'பப்ளிக்' வழியாகவும் வரலாம். நேரே கொடுத்ததை ரிவோக் செய்தால் அந்த ஒரு வழி மட்டும்தான் போகும், மற்ற இரண்டாலும் அவர் வாசித்துக்கொண்டே இருப்பார். கட்டளை வெற்றி என்றுதான் திரையில் வரும். இதை அறியாமல் எத்தனை பேர் 'எடுத்தாச்சு' என்று நிம்மதியாக நித்திரை கொள்கிறார்களோ.

> 'தடை' என்று எளிமையாக வைத்தால் என்ன?

அதைத் தொட வேண்டாம் அக்கா. எஸ்கியூஎல் சேர்வர் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் 'டினை' என்று தனிக் கட்டளை உண்டு. கொடுத்ததை அழிப்பது ரிவோக். வேறு வழியால் வந்தாலும் விடாதே என்பது டினை. போஸ்ட்கிரெஸில் டினை இல்லை. இருந்தாலும் தடையை அதற்கென்று வைத்திருப்போம்.

'இரத்து' என்றால் பரிவர்த்தனையை இரத்துச் செய்வதோடு மோதும். 'நீக்கம்' என்று போட்டு 'கிண்ணியா எழுதுவினைஞர் நீக்கம்' என்று அறிக்கை போனால் அடுத்த நாள் தொழிற்சங்கம் வரும்.

என் முன்மொழிவு: அனுமதி அளிப்பு, அனுமதி களைவு.

தம்பலகாமத்தில் பெரியம்மாவோடு களை பிடுங்கப் போனவன் நான். கோரையை மேலால் பிடித்து இழுத்தால் தண்டு கையோடு வந்துவிடும், கிழங்கு சேற்றுக்குள் கிடக்கும். பிடுங்கினது பொய்யில்லை, ஆனால் கோரை போகவுமில்லை. ரிவோக் செய்வது சரியாக அதே வேலை. இன்னொரு பொருத்தமும் உண்டு. போஸ்ட்கிரெஸில் 9.0 பதிப்பு, அதாவது 2010 முதல், இனி உருவாகும் அட்டவணைகளுக்கும் அனுமதியை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அதை மறந்துவிட்டு இருக்கும் அட்டவணைகளில் மட்டும் களைந்தால், அடுத்த மாதம் புது அட்டவணையில் அதே அனுமதி முளைத்து நிற்கும். என் ஸ்கிரிப்ட் மூன்று வாரம் இப்படி முளைக்க முளைக்கப் பிடுங்கிக்கொண்டிருந்தது. விதை எங்கே என்று பிறகுதான் பார்த்தேன்.

> களைவு என்றால் ஆடை களைவதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

குறை களைவதும் ஐயம் களைவதும் இருக்கின்றனவே ஐயா. சொல்லின் மேல் எனக்கு உள்ள பயம் வேறு. 'களைந்தது' என்பதில் ஓர் எழுத்துத் தவறி 'களைத்தது' என்று அடித்தால் அனுமதி இளைத்துக் களைத்துப் போனதாக ஆகிவிடும். மற்றபடி நன்றாகப் புழங்குகிறது: களை, களைந்தது, களையப்பட்டது, களைய முடியவில்லை. கலைச்சொல்லை நான் இப்படித்தான் சோதிப்பேன். பிழைச்செய்தியில் வந்து நிற்காத பெயர்ச்சொல் எனக்கு உதவாது.

ரிவோக்கோடு சேர்த்துக் கொடுக்கும் 'காஸ்கேட்' பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் என்ற தரவுத்தள ஆய்வுக்காக கிரிஃபித்ஸும் வேடும் 1976இல் எழுதிய கட்டுரையிலேயே இது வந்துவிட்டது: நான் உங்களுக்குக் கொடுத்து, நீங்கள் மற்றவருக்குக் கொடுத்து, பிறகு நான் எடுத்தால் மற்றவருடையதும் போக வேண்டும். போஸ்ட்கிரெஸ் தானாக அப்படிச் செய்யாது. கீழே தொங்கிக்கொண்டிருக்கும் அனுமதி இருந்தால் மறுத்துவிடும், காஸ்கேட் என்று சொன்னால்தான் செய்யும். இதற்கு 'வேரோடு களைதல்' என்றார் ஒருவர். காதுக்கு நல்லாயிருக்கு, ஆனால் திசை பிழை. வேருக்குப் போவதில்லை, கிளைக்குப் போகிறது. 'தொடர் களைவு' போதும்.

வகிபங்குக்குப் பதிலாக, கோணேசர் கோயிலைப் பற்றிய பழைய நூலான கோணேசர் கல்வெட்டில் வரும் 'தொழும்பு' என்ற சொல்லை எடுத்துத் தந்தவருக்கு நன்றி. கோயிலில் யார் எந்தப் பணி செய்வது என்று வகுத்த ஊரில் இருந்துகொண்டு அதை மறுக்க மனம் வரவில்லை. ஆனாலும் தொழும்பு என்றால் அடிமை வேலை என்றும் பொருள். எழுதுவினைஞரிடம் 'உங்கள் தொழும்பு என்ன' என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. 'பாத்திரம்' கிடக்கட்டும், அதைக் கேட்டுவிட்டுக் காசாளர் 'சட்டியா, பானையா' என்றார்.

அதே காசாளரிடம்தான் நேற்று புது வரியைக் காட்டினேன்: 'கடன் பதிவு: உங்கள் அனுமதி களையப்பட்டது'. காசு என்று நினைக்கவில்லை. "அப்ப எனக்கு இனி அது தெரியாது, என்ன?" என்றார். திறந்து பார்த்தார். "தெரியுதே அண்ணா!" கணக்காய்வு வகிபங்கில் அவர் பெயர் இன்னும் இருந்தது.

ஆகவே அறிக்கையில் இன்னொரு வரி சேர்க்கிறேன். எல்லா வழியும் கூட்டிப் பார்த்து, இப்போது இவரால் முடியுமா முடியாதா என்று போஸ்ட்கிரெஸையே கேட்கலாம், அதற்கு ஒரு சார்பு (ஃபங்ஷன்) இருக்கிறது. அந்தக் கூட்டு விடைக்கு என்ன பெயர் வைப்பது? 'எஞ்சிய அனுமதி' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். ஒருநாளும் களையாதவருக்கு எஞ்சியது எங்கிருந்து வரும் என்று இப்போதே ஒரு சந்தேகம். வெள்ளிக்கிழமைக்கு முன் சொன்னால் நல்லது, அன்று இரவுதான் ஸ்கிரிப்டை மாற்றுகிறேன்.

நன்றி,
திருகோணமலையிலிருந்து