பசுமைக்குடிலில் நண்பகலில் அனல், விடியலில் நீர்ச்சொட்டு: தானியங்கிக் கருவி தேவையா?

தளி விவசாயி:
வணக்கம். ஓசூரை அடுத்த தளிப் பக்கம் கால் ஏக்கர் பசுமைக்குடிலில் குடைமிளகாய் வைத்திருக்கிறேன். பங்குனி பிறந்ததிலிருந்து நண்பகலில் உள்ளே 38 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது. ஃபாகரை (நீரை நுண்துளியாகத் தெளிக்கும் கருவி) ஓட்டினால் சற்றே இறங்கி, நிறுத்தியதும் மறுபடி ஏறிவிடுகிறது. இரவில் பக்கத் திரைகளை முழுவதும் மூடிவிடுகிறேன். விடியற்காலையில் பாலித்தீன் தாளிலிருந்து நீர் சொட்டி இலைகள் நனைகின்றன. பூவும் பிஞ்சும் உதிர்கின்றன. ஃபாகரைத் தானாக இயக்கி நிறுத்தும் தானியங்கிக் கருவி பொருத்தினால் சரியாகுமா?

மண்வாசி:
கருவியைப் பிறகு பார்க்கலாம் ஐயா, முதலில் காற்றோட்டத்தைக் கவனியுங்கள். ஃபாகரின் நுண்துளி ஆவியாகும்போதுதான் காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஈரம் நிறைந்த காற்று வெளியேற வழியில்லாவிட்டால், அடுத்து விழும் துளி ஆவியாகாமல் இலையிலேயே தங்கி நோய்க்கு இடம் கொடுக்கும். பூச்சித் தடுப்பு வலை 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்கள்) என்றால் அதன் கண்களில் செம்மண் தூசி எளிதில் அடைத்துக்கொள்ளும். காற்று வீசும் நேரத்தில் வலையின் உட்புறம் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்; காற்று படுவதே தெரியவில்லை என்றால் அன்றே உள்ளிருந்து வெளிநோக்கி நீரடித்துக் கழுவிவிடுங்கள்.

குடில்நேசன்:
38 டிகிரி என்பது எங்கே அளந்தது? வெயில் நேரடியாகப் படும் வெப்பமானி காற்றின் வெப்பத்தைவிட அதிகமாகவே காட்டும். காற்றுப் புகும் வெள்ளைப் பெட்டிக்குள், செடியின் நுனி உயரத்தில் தொங்கவிடுங்கள். நிழல்வலை தாளுக்கு உட்புறம் இருந்தால், அது உறிஞ்சிய வெப்பம் குடிலுக்குள்ளேயே நிற்கும். கூரைக்கு மேலே கட்டினால் வெயில் உள்ளே வருமுன்பே தடுக்கப்படும். காற்று அதிகமுள்ள இடத்தில் அதை இறுக்கிக் கட்டுவது பெரும்பாடுதான்.

மண்வாசி:
விடியல் நீர்ச்சொட்டைச் சொல்ல விட்டுவிட்டேன். தாள் சொட்டுகிறது என்றால் உள்ளே காற்று முழு ஈரத்துடன் இருக்கிறது என்று பொருள். 20 டிகிரியில் முழு ஈரத்துடன் இருக்கும் காற்று, புதிய ஈரம் சேராமல் 30 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 55 சதவீதமாக இறங்கிவிடும். நீங்கள் காலையில் திரைகளைத் தாமதமாகத் திறந்தால், செடி ஈரத்திலிருந்து வறட்சிக்குத் திடீரெனத் தள்ளப்படுகிறது. பங்குனி இரவுக்கு முழுதாக மூட வேண்டியதில்லை. மேல் திறப்பில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், மாலைப் பாசனத்தைக் காலைக்கு மாற்றுங்கள், சூரியன் எழுந்ததும் திரைகளைச் சிறிது சிறிதாகத் திறங்கள். ஃபாகரை நண்பகலில் குறுகிய இடைவெளிகளில் சில விநாடிகள் மட்டும் ஓட்டுங்கள். இந்த இடைவெளிகளைத் தவறாமல் காக்கத்தான் தானியங்கிக் கருவி உதவும். அடைத்துக்கொண்ட வலையை அது திறந்துவிடாது.