‘ஹைப்போகுளோரீமியா’: அச்சுக்குமுன் ஒரு சொல் தேவை

திங்கள், மொழிபெயர்ப்பாளர், மதுரை

கலைச்சொல் அவைக்கு வணக்கம். செவிலியர் பட்டயப் படிப்புக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். மின்பகுளிகள் (உடல்நீர்மங்களில் அயனிகளாகக் கரைந்திருக்கும் சோடியம், குளோரைடு போன்றவை) பற்றிய இயலில் ஹைப்போகுளோரீமியாவில் வந்து நிற்கிறேன். இரத்தத்தில் குளோரைடு லிட்டருக்கு ஏறத்தாழ 98 முதல் 106 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. அதற்குக் கீழே இறங்கும் நிலைக்கே இப்பெயர். இப்போதைக்குக் ‘குளோரைடு பற்றாக்குறை’ என்று எழுதியிருக்கிறேன். அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்குவதாகவும், அளவு மிகும் நிலைக்கு அதே அச்சில் எதிர்ச்சொல் தருவதாகவும் ஒரு சொல்லைப் பெரியோர் பரிந்துரைக்க வேண்டும்.

திங்கள் இரவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அம்மையாரின் முயற்சி பாராட்டுக்குரியது. ஆனால் ‘குளோரைடு’ என்பதை அப்படியே இறக்கிவைத்துவிட்டுப் பற்றாக்குறையை மட்டும் தமிழில் சொல்வது பாதிவழியில் வண்டியை நிறுத்துவதாகும். குளோரின் என்னும் பெயரை 1810-இல் ஹம்ஃபிரி டேவி இட்டார்; வெளிர்பச்சையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். நமக்கும் பசுமை, பச்சை, பாசி, பயிர் என ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்குடும்பம் இருக்கும்போது ‘பாசிகம்’ என்று சொல்வதில் என்ன தடை? அடுத்து, இரத்தம் வடசொல். ரகரம் மொழிக்கு முதலில் வாராது என்பதால் முன்னே ஓர் இகரத்தைச் சேர்த்து உள்ளே விட்டோம். தொல்காப்பியத்து உரியியல் ‘குரு’ என்பதற்கு நிறப்பொருள் சொல்கிறது. அதன்வழிப் பிறந்ததே குருதி என்பது என் துணிபு. குறுந்தொகையின் முதற்பாட்டு காந்தளைக் குருதிப்பூ என்கிறது. கொவ்வை, குருந்தம், குருகு ஆகியவற்றையும் இவ்வேரோடு பொருத்திக் காட்ட முடியும். அதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன். என் பரிந்துரை: ‘குருதிப் பாசிகத் தாழ்வு’.

செவ்வாய், செவிலியர் பயிற்றுநர், திருச்சி

குருகு பறக்கட்டும் ஐயா, அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். ‘பாசிகத் தாழ்வு’ என்று கரும்பலகையில் எழுதினால், இரத்தத்தில் பாசி படிந்திருக்கிறதா என்றுதான் என் மாணவிகள் கேட்பார்கள். நோயாளியின் வீட்டாருக்கு விளங்க வேண்டுமானால் ‘உப்புக் குறைவு’ என்பதையே சற்றுத் திருத்தி ‘உவர்க்குறை’ எனலாமா?

செவ்வாய் மாலை, மருத்துவர், கோயம்புத்தூர்

உவர்க்குறை அழகான சொல்தான், ஆனால் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. ‘உப்பு குறைஞ்சிருக்கு’ என்று வார்டில் சொன்னால் அது சோடியத்தைத்தான் குறிக்கும். சோடியமும் குளோரைடும் பெரும்பாலும் சேர்ந்தே இறங்கினாலும், எப்போதும் அப்படி இல்லை. பாசிகத்தைப் பொறுத்தவரை, டேவி பெயரிட்டது பச்சை கலந்த மஞ்சள் வாயுவுக்கு. இரத்தத்தில் இருப்பதோ நிறமே இல்லாத எதிர்மின் அயனி.

என் முதன்மையான மறுப்பு ‘பற்றாக்குறை’ என்னும் சொல்லின்மீதுதான். குடலடைப்பு உள்ள ஒருவருக்கு மூக்குவழியே இரைப்பைக்குள் செலுத்திய குழாய் நாள் முழுவதும் இரைப்பைநீரை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. கட்டிலருகே தொங்கும் பை நிறைய நிறைய ஐதரோகுளோரிக் அமிலமும் வெளியேறுவதால், குளோரைடு இறங்கி, பைகார்பனேட்டு ஏறி, இரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாய்கிறது. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இரைப்பையின் வாயில் தடித்துச் சுருங்கி, குடித்த பாலெல்லாம் பீறிட்டு வாந்தியாகும்போதும் இதுவே நடக்கிறது. சிறுநீர் பெருக்கும் ஃபியூரோசமைடு போன்ற மருந்துகளால் சிறுநீரகம் வழியாகவும் குளோரைடு போகும். இந்த நிலைகளில் பற்றாக்குறை என்பது பொருந்தும். லிட்டருக்கு 154 மில்லிமோல் குளோரைடு உள்ள 0.9 விழுக்காட்டு உப்புநீரை ஏற்றுவதும், தேவைப்பட்டால் பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பதும் பொருந்தும்.

ஆனால் சிறுநீரைக் குறைக்கும் இயக்குநீர் மிகையாகச் சுரக்கும் நோயாளியின் உடலில் தேங்குவது நீர். அவருக்குக் குளோரைடின் செறிவு நீர்த்துப்போயிருக்கிறதே தவிர, இருப்பு தீர்ந்துவிடவில்லை. பெரும்பாலும் அவருக்குத் தேவை நீரைக் கட்டுப்படுத்துவது. சாதாரண உப்புநீரை ஏற்றினால் சோடியம் இன்னும் இறங்கக்கூடும். நாட்பட்ட நுரையீரல் நோயில் கரியமிலவாயு தேங்கும்போதோ, சிறுநீரகமே பைகார்பனேட்டைத் தக்கவைத்துக் குளோரைடை வெளியேற்றுகிறது. அது, அவ்வாயுவால் கூடும் அமிலத்தன்மைக்கு உடல் செய்யும் ஈடுகட்டல். பற்றாக்குறை என்று எழுதினால் அச்சொல்லே ‘கொடு’ என்று ஏவுகிறது. குறைபாடு என்பதும் அப்படித்தான். ‘குறைவு’ என்பது அளந்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும்.

‘இரத்த’ என்னும் அடையையும் விட்டுவிடக் கூடாது. காரத்தன்மை மிகுந்ததன் காரணத்தைப் பிரித்தறிய சிறுநீரிலும் குளோரைடை அளக்கிறோம். இரண்டும் ஒரே ஆய்வுமுடிவுத் தாளில் வரும்போது எது எங்கே குறைந்தது என்பது தெரிய வேண்டும்.

புதன், ஆசிரியர், யாழ்ப்பாணம்

மருத்துவரின் விளக்கத்துக்குப் பின் ‘குறைவு’ என்பதில் எனக்கு ஐயமில்லை. புணர்ச்சி பற்றி மட்டும் ஒன்று. தமிழகத்தில் குளோரைடு என்கிறீர்கள், நாங்கள் குளோரைட்டு என்கிறோம். இதை வைத்து ஒரு கருத்துப்போர் வரும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் குளோரைடு உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். வேற்றுமைப் புணர்ச்சியில் டகர றகர ஒற்றுகள் இரட்டும் என்பது நன்னூல். வயிறு வயிற்றுப்போக்கு ஆவதுபோல் அது குளோரைட்டுக் குறைவு ஆகும். எங்களுடையது ஏற்கெனவே வன்றொடர். நேரே குளோரைட்டுக் குறைவு. இரு கரைக்கும் ஒரே வடிவம்.

கடன்சொல் குறித்து வருந்துவோருக்கு: மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், தமிழ்க் கலைச்சொல்லாக்கத்துக்கு அவ்வளவு உழைத்தும், 1875-இல் வந்த வேதியியல் நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்றே பெயர் வைத்தார். பொருளின் பெயரைக் கடனாக வாங்கி, வினையையும் நிலையையும் தமிழில் சொல்லும் வழக்கம் நமக்குப் புதிதன்று. ஆனால் குருதி விடயத்தில் நான் தஞ்சாவூர் ஐயாவின் பக்கம். குருதியமுக்கம் என்று படித்துத்தான் எங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள். எவரும் தடுக்கி விழவில்லை.

புதன் இரவு, தஞ்சாவூர்

யாழ்ப்பாணத்து நண்பருக்கு நன்றி. பாசிகத்தை இந்த ஒரு சொல்லளவில் வற்புறுத்தவில்லை. நிறமற்ற அயனி என்னும் மறுப்பு வலுவானது, ஆயினும் வாயுவுக்கு அப்பெயர் தகும் என்பதில் மாற்றமில்லை. குருதியை மட்டும் விட்டுத்தர மாட்டேன். குருதிக்கொடை முகாம் என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் நம்மூரார்தாமே?

வியாழன், திருச்சி

கொடைக்குக் குருதி, வங்கிக்கு இரத்தம் என்றுதான் ஊரில் நடக்கிறது. மாணவிகள் கையில் வரும் தாளிலும், கையேட்டின் மற்றப் பக்கங்களிலும் இரத்தமே இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் மாற்றினால் அது வேறொரு நீர்மம் என்று எண்ணிக்கொள்வார்கள். என் வாக்கு ‘இரத்தக் குளோரைட்டுக் குறைவு’ என்பதற்கு. எதிர்ச்சொல் ‘இரத்தக் குளோரைட்டு மிகுதி’.

வியாழன் மாலை, கோயம்புத்தூர்

உடன்படுகிறேன். செறிவு என்னும் சொல்லையும் உள்ளே சேர்க்கலாம் என்று எழுதத் தொடங்கினேன். கட்டத்தின் அகலத்தை எண்ணி விட்டுவிட்டேன்.

வெள்ளி காலை, மதுரை

அனைவருக்கும் நன்றி. திருச்சி அம்மையார் சொன்ன இரு சொற்களும் அச்சுக்குப் போகின்றன. ஆங்கிலப் பெயரின் ஒலிபெயர்ப்பை முதல் முறை வரும் இடத்தில் மட்டும் தருகிறேன். சொல்லடைவில் ‘குருதிக் குளோரைட்டுக் குறைவு’ என்பதை மாற்றுவடிவமாகச் சேர்த்திருக்கிறேன்.

வெள்ளி பிற்பகல், தஞ்சாவூர்

சொல்லடைவில் இடம் தந்ததற்கு நன்றி. ஆனால் குருதி மாற்றுவடிவம் அன்று, இரத்தமே மாற்றுவடிவம். இம்மறுப்பை அவை பதிந்துகொள்ள வேண்டும். பைகார்பனேட்டு எப்போது விவாதத்துக்கு வருகிறது?